இம்மியின் பயன்: தமிழ்ப் பின்ன மரபு பற்றிய ஒரு மறுமதிப்பீடு

தமிழரின் எண்ணியல் மரபைப் பற்றி எழுதுவோர் பலர் கீழ்வாயிலக்கத்தை எடுத்துக்கொண்டதும் வியப்பில் ஆழ்ந்துவிடுகின்றனர். முந்திரி, கீழ்முந்திரி, இம்மி, அணு எனத் தொடங்கித் தேர்த்துகள் வரை இறங்கும் பெயர்களை அடுக்கிக் காட்டி, இத்துணைச் சிறிய அளவை எம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று முடிப்பது வழக்கமாயிற்று. இன்னும் சிலர் இப்பெயர்களுள் ஒன்று ‘அணு’ என இருப்பதைக் கொண்டு, இக்காலப் பௌதிகம் கூறும் அணுவையே அவர்கள் அளந்துவிட்டதாகவும் எழுதுகின்றனர். இவ்வகைப் பாராட்டு மரபுக்குப் பெருமை சேர்ப்பது போலத் தோன்றினும், உண்மையில் அம்மரபின் தலையாய சிறப்பை மறைத்துவிடுகின்றது என்பதே இக்கட்டுரையின் துணிபு. கீழ்வாயிலக்கத்தின் பெறுமதி அது எவ்வளவு சிறியது என்பதில் இல்லை. எந்தெந்த எண்களால் மீதியின்றிப் பங்கிட இடம் தருகின்றது என்பதிலேயே உள்ளது.

1. எண்ணும் எழுத்து வடிவும்

ஓர் எண்ணின் இயல்புகள் இரு வகைப்படும். 7 முதன்மை எண் என்பது எந்த அடியில் எழுதினும் மாறாது. அது எண்ணுக்கே உரியது. ஆனால் ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் வரும் தொகை, ஒரு பின்னம் முடிவுறுமா மீளுமா என்பன போன்றவை எண்ணுக்கு மட்டும் உரியனவல்ல. அதனை எழுதும் அடியைப் பொறுத்தனவாகும். பத்தடியில் மூன்றிலொன்றை 0.333... என முடிவின்றி எழுதவேண்டியுள்ளது. பாபிலோனியர் கையாண்ட அறுபதடியில் அதே பின்னம் அறுபதில் இருபது என ஒரே இலக்கத்தில் முடிந்துவிடும். கணினி கையாளும் ஈரடியிலோ பத்திலொன்று கூட முடிவுறாது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான விதி எளியது. ஒரு பின்னத்தைச் சுருக்கியபின் அதன் பகுதியெண்ணின் முதன்மைக் காரணிகள் அனைத்தும் அடியெண்ணின் காரணிகளாகவும் இருந்தால் மட்டுமே அப்பின்னம் அவ்வடியில் முடிவுறும். பத்தின் காரணிகள் 2, 5 என்பன. ஆகவே 3, 7, 11 ஆகியவற்றால் வரும் பின்னங்கள் தசமத்தில் முடிவுறா. அறுபதின் காரணிகள் 2, 3, 5. ஆகவே ஏழிலொன்று அங்கும் முடிவுறாது. இன்னொரு விதியும் இங்கே வேண்டப்படும். எந்த அடியிலும், அடியினும் ஒன்று குறைந்த எண்ணால் ஓர் எண் வகுபடுமாயின், அதன் இலக்கத்தொகையும் அவ்வெண்ணால் வகுபடும். பள்ளிப் பிள்ளைகள் அறிந்த ஒன்பதின் சோதனை இவ்விதியின் பத்தடி வடிவமேயன்றி வேறன்று.

2. முந்திரியும் ‘கீழ்’ என்னும் சொல்லும்

இவ்விரு விதிகளையும் கையிற்கொண்டு தமிழ்ப் பின்னங்களை நோக்குவோம். அரை, கால், அரைக்கால், மாகாணி என்பன முறையே 1/2, 1/4, 1/8, 1/16. நாலுமா, இருமா, ஒருமா, அரைமா என்பன 1/5, 1/10, 1/20, 1/40. காணி 1/80, அரைக்காணி 1/160, முந்திரி 1/320. ஒருமாவும் ஒரு காணியும் சேர்ந்தால் 1/20 + 1/80 = 1/16; இதுவே மாகாணி எனப்படுகின்றது. ஒன்றை இருகூறாக்கிச் செல்லும் வரிசையும் ஐந்து கூறாக்கிச் செல்லும் வரிசையும் முந்திரியில் வந்து சந்திக்கின்றன. 320 என்பது 2இன் ஆறாம் அடுக்கை 5ஆற் பெருக்கி வருவது. அரை 160 முந்திரி, கால் 80 முந்திரி, மாகாணி 20 முந்திரி, மா 16 முந்திரி, காணி 4 முந்திரி என எல்லாம் முழு எண்களாகவே அமைகின்றன.

இதனினும் கருதத்தக்கது ‘கீழ்’ என்னும் சொல்லின் ஆட்சி. முந்திரிக்கு அப்பால் இறங்கவேண்டிய போது புதுப்பெயர் தேடாது, பழைய பெயர்களையே ‘கீழ்’ சேர்த்து மீண்டும் வழங்கினர். கீழரை என்பது அரை முந்திரி. கீழ்க்கால் என்பது கால் முந்திரி. கீழ்முந்திரி என்பது முந்திரியின் 1/320 கூறு, அதாவது 1/102,400. மேல்வாயிலக்கத்தில் ௰, ௱, ௲ எனப் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறி வைத்து எழுதிய மரபு, கீழ்வாயில் ஒரே பெயர்வரிசையை இடத்துக்கு இடம் இறக்கிப் பயன்படுத்தியது. இடமதிப்பின் கருத்து சொல்லளவில் இங்கே தொழிற்படுகின்றது என்பதும், அதன் அடி 320 என்பதும் தெளிவு.

இந்த ஏணியிற் சோழர்காலக் கணக்கர் எத்துணை ஆழம் இறங்கினர் என்பதைத் தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகள் காட்டும். இராசராசன் காலத்து நிலக்கணக்கு ஒரு வேலியின் 1/52,428,800,000 கூறு வரை சென்றதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். இவ்வெண்ணைப் பகுத்து நோக்கின் 320இன் நான்காம் அடுக்கை 5ஆற் பெருக்கியதாக அமைகின்றது. ‘கீழ்’ என்னும் படியில் மீண்டும் மீண்டும் இறங்கியதன் விளைவே இது. வேலியை ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர் எனக் கொண்டால், இக்கூறு ஒரு சதுர மில்லிமீற்றரின் பாதியளவே ஆகும். எந்த அளவுகோலும் வயலில் அதனை அளந்திருக்க முடியாது. எனவே இந்நுண்கூறு அளவையாற் பெற்றதன்று, வகுத்தலாற் பெற்றது. கணக்கர் கண்ணாற் கண்டதை எழுதவில்லை, மீதி விடாது கணக்கை முடிக்க முயன்றனர். சிறுமையை வியப்போர் தவறவிடும் முதற்புள்ளி இது.

3. இம்மியின் இடம்

ஆயின் 320ஐ எத்தனை முறை அடுக்கினும் அதன் காரணிகள் 2, 5 ஆகிய இரண்டே. மூன்றிலொன்றை இந்த ஏணியில் முடிக்க இயலாது. 320ஐ மூன்றால் வகுத்தால் 106, மீதி 2. அம்மீதியைக் கீழ்முந்திரியாக்கி வகுத்தால் 213, மீதி 1. மீண்டும் 106, மீண்டும் 213 என முடிவின்றிச் செல்லும். 106உம் 213உம் கூட்டினால் 319, அதாவது அடியினும் ஒன்று குறைவு. பத்தடியில் 1/7க்கு வரும் 142857 என்னும் மீளும் தொடரை இரண்டாகப் பிரித்து 142ஐயும் 857ஐயும் கூட்டினால் 999 வருவதும் இதே இயல்பின் விளைவாம். அடி எதுவாயினும் இத்தகைய ஒழுங்குகள் தம்மை வெளிப்படுத்துகின்றன.

இங்கேதான் இம்மி வருகின்றது. கணக்கதிகார மரபில் பரவலாக வழங்கும் வாய்ப்பாட்டின்படி, கீழ்முந்திரியை அடுத்த படி மீண்டும் 320 கூறாக அமையவில்லை. 21 கூறாக அமைகின்றது. அக்கூறே இம்மி, அதன் பெறுமதி 1/2,150,400. இருபத்தொன்று மூன்றும் ஏழும் பெருக்கி வருவது. அதுவரை இல்லாத இரு முதன்மை எண்கள் ஒரே படியில் உள்ளே நுழைகின்றன. விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மூன்றிலொன்று = 106 முந்திரி, 213 கீழ்முந்திரி, 7 இம்மி.

ஏழிலொன்று = 45 முந்திரி, 228 கீழ்முந்திரி, 12 இம்மி.

இரண்டும் மீதியின்றி முடிகின்றன. தசமத்தில் எத்தனை தானம் சென்றாலும் முடியாத இரு பின்னங்கள் இங்கே மூன்று படியில் அடங்கிவிட்டன. இம்மியை 11 கூறாக்கியது மும்மி. பதினொன்றிலொன்று 29 முந்திரி, 29 கீழ்முந்திரி, 1 இம்மி, 10 மும்மி என அங்கே முடிகின்றது. முதல் இரு இலக்கங்களும் 29ஆக ஒத்துவருவதற்குக் காரணம் 319 என்பது 11ஐயும் 29ஐயும் பெருக்கி வருவதே. மும்மியை 7 கூறாக்கியது அணு; அணுவை 9 கூறாக்கியது குணம். ஒன்பதிலொன்று குணத்தில் வந்து முடியும். தொடர்ந்து பந்தம், பாகம், விந்தம் என்பன முறையே 5, 6, 7 கூறாக இறங்குகின்றன. நாகவிந்தத்தில் 17 நுழைகின்றது. அதன்கீழ்ச் சிந்தை, கதிர்முனை, குரல்வளைப்படி, வெள்ளம், நுண்மணல் என்பன 14, 20, 40, 60, 100 கூறுகளாகச் செல்கின்றன. கடைசியாகிய தேர்த்துகளுக்கு வழங்கும் எண் முன்னதன் ஆறரை மடங்கு. இதனால் 13உம் பகுதியெண்ணுக்குள் வந்துவிடுகின்றது. ஆக, 17 வரையுள்ள முதன்மை எண்கள் ஏழும் இவ்வரிசையில் இடம்பெற்றுள்ளன.

சிறுமை மட்டுமே நோக்கமாயின், 320ஐயே திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கலாம். கல்வெட்டுக் கணக்கர் அவ்வாறே செய்தனர். வகுக்கும் எண் படிக்குப் படி மாறுவதற்கு வேறு பயன் இருத்தல் வேண்டும். எனினும் ஒரு தடையையும் இங்கே எழுப்பிக்கொள்ளல் தகும். புதிய முதன்மை எண்களைப் புகுத்துவதே வகுத்தோர் கருத்தாயின் 5, 6, 14, 20 முதலிய படிகள் எதற்கு? 7 ஏன் மீண்டும் வருகின்றது? இவற்றுக்கு மரபிலிருந்து விடை பெற வழியில்லை. ஆதலால் இதனை வகுத்தோரின் திட்டம் என்று துணிதல் ஆகாது. ஆயினும் அமைப்பின் பயன் இதுவே எனச் சொல்லத் தடையில்லை. நோக்கம் ஊகத்துக்கு உரியது. பயன் கணக்கிட்டுக் காட்டத்தக்கது.

4. பட்டியலைச் சோதிக்கும் முறை

இப்பெயர்வரிசை நூலுக்கு நூல் எடுத்தெழுதப்பட்டு வருவது. இருபதுக்கு மேற்பட்ட இலக்கங்களைக் கொண்ட எண்களை எடுத்தெழுதும்போது ஓரிலக்கம் விழுவது எளிது. எடுத்துக்காட்டாகக் கதிர்முனையின் பகுதியெண் 1,489,631,109,120,000. முதலிலக்கமாகிய 1 விழுந்து 489,631,109,120,000 என நின்றால், படிப்போர்க்கு ஐயம் எழாது. அதுவும் பெரிய எண்ணாகவே தோன்றும். ஆனால் இதனைக் கண்டுபிடிக்க ஏடு தேடவேண்டியதில்லை. குணத்தில் 9 புகுந்துவிட்டமையால், அதன்கீழுள்ள எல்லாப் பகுதியெண்களும் 9ஆல் வகுபடவேண்டும். பத்தடியில் எழுதியதன் இலக்கத்தொகையும் அவ்வாறே வகுபடவேண்டும். சரியான எண்ணின் தொகை 45. குறைந்ததன் தொகை 44. பிழை அப்பொழுதே வெளிப்பட்டுவிடும். 0, 9 ஆகிய இலக்கங்கள் விழுந்தாலோ, இலக்கங்கள் இடம்மாறினாலோ இச்சோதனை காட்டிக்கொடாது. அப்போது மேலைப் படியால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். பாடபேத ஆராய்ச்சிக்கு யாப்பும் இலக்கணமும் துணைநிற்பது போல, கணக்கு நூற்பதிப்புக்கு எண்ணின் இயல்பே துணைநிற்கும். தேர்த்துகளின் ஆறரை மடங்கு பாடப்பிழையா, பழைய வழக்கா என்பதும் இவ்வகையில் ஆராயப்படவேண்டியதே.

5. நூலின் குறைகள்

கொறுக்கையூர்க் காரிநாயனார் இயற்றியதாகக் கூறப்படும் கணக்கதிகாரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1998இற் பதிப்பித்துள்ளது. நிலம், பொன், நெல், அரிசி, கால், கல் முதலிய பொருள்வகையால் அமைந்த அந்நூல் தொழில்வழிக் கணக்கின் களஞ்சியமாகும். ஆயின் அதன் குறையையும் கூறாது விடுதல் திறனாய்வாகாது. அந்நூலும் அதனைச் சார்ந்த எண்சுவடி மரபும் விதியைத் தருகின்றன, காரணத்தைத் தருவதில்லை. இருபத்தொன்று ஏன் என்று கேட்கும் மாணாக்கனுக்கு அங்கே விடையில்லை. மனனமே பயிற்சி; வாய்ப்பாடே சான்று. பலாப்பழத்தின் காம்பருகே உள்ள முட்களை எண்ணிச் சுளைக்கணக்குக் கூறும் விதியும், முந்திரி இம்மியாக இறங்கும் விதியும் ஒரே தகுதியுடையனவாக அருகருகே நிற்கின்றன. முன்னது அனுபவத்திற் பெற்ற உத்தேசம். பின்னது மாறாத எண்ணியல்பு. இவ்வேறுபாட்டை மரபு சுட்டவில்லை. இன்றைய பாராட்டுரைகளும் சுட்டுவதில்லை; பலாச்சுளையையே முதலில் எடுத்துக்காட்டுகின்றன.

மேல்வாயிலக்கம் நெடுங்காலம் இடமதிப்பின்றி நின்றமையும் ஒரு குறையே. 1825இல் வெளிவந்த கணிததீபிகை சுழியத்தைத் தமிழிலக்கத்தோடு சேர்த்துக் கற்பிக்க முயன்றது. அம்முயற்சி வேரூன்று முன்னரே புதிய பள்ளிக்கல்வி தசமத்தை முழுமையாகக் கொண்டுவந்துவிட்டது. வந்தது நன்மையே எனினும், பத்தடி ஒன்றே எண்ணின் இயல்பான வடிவம் என்னும் எண்ணத்தையும் அது உடன்கொண்டுவந்தது.

6. காணியும் பங்கும்

இவ்வெண்ணம் ஏட்டளவில் நிற்பதன்று. வாணர் தாம்போதியைக் கடந்து புங்குடுதீவுக்குள் நுழைவார் எதிர்ப்படும் மடத்துவெளியை எடுத்துக்கொள்வோம். அவ்வூரிலும் ஏனைய தீவுப்பகுதிகளிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டு வழக்கின்படி காணி பரப்பாலும் குழியாலும் அளக்கப்படும். 18 குழி ஒரு பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச்சுக்குச் சமம். இக்குழி தமிழ்நாட்டு நூல்கள் கூறும் குழியின் வேறானது. ‘பரப்பு 4 குழி 12’ என உறுதியில் எழுதும்போது, கடைசி இலக்கம் பதினெட்டடியிலும் அதன்மேலது பதினாறடியிலும் நிற்கின்றன. படிக்குப் படி அடிமாறும் இம்முறை, முந்திரிக்குப்பின் இம்மி வைத்த முறைக்கு உறவானதே.

18இன் காரணிகள் 2, 3. ஒரு பரப்பை மூன்று பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 6 குழி, மீதியில்லை. பேர்ச்சில் எழுதினால் ஆளுக்கு 3.33, மூன்றையும் கூட்டினால் 9.99. குறையும் நூறிலொரு பேர்ச் இரண்டே முக்காற் சதுர அடிக்குச் சற்றே குறைவு. ஹெக்டேயரில் நான்கு தசமதானத்துக்கு எழுதினால் ஒரு பரப்பு 0.0253, மூன்றிலொன்று 0.0084. மூன்று பங்கையும் கூட்டினால் 0.0252, ஒரு சதுர மீற்றர் யாருக்கும் உரியதாகாமல் நின்றுவிடும். 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின்கீழ்க் காணிகள் ஹெக்டேயரிற் பதியப்படும் காலத்தில் இது வெறும் பள்ளிக்கணக்கன்று. மாறாக, ஐந்து பேருக்குப் பங்கிடும்போது குழி தோற்கும்; பேர்ச் வெல்லும். 10 பேர்ச் ஆளுக்கு இரண்டாகும். 18 குழியோ 3 குழியும் ஐந்தில் மூன்றுமாகும். ஆகவே எந்த அடியும் தன்னளவில் உயர்ந்ததன்று. பங்காளர் தொகையே எது தகுதியுடையது என்பதைத் தீர்மானிக்கும்.

தேசவழமையின்கீழ் முதுசமும் சீதனமுமாகப் பிரிந்துவந்த காணிகள் பல தலைமுறையில் மூன்றாலும் ஐந்தாலும் ஏழாலும் மாறிமாறி வகுபட்டவை. 1991ஆம் ஆண்டு இடப்பெயர்வில் புங்குடுதீவு மக்கள் ஊரைவிட்டு அகன்றபோது வேலிகள் அழிந்தன, எல்லைமரங்கள் போயின. பலருக்கு எஞ்சியது உறுதியில் எழுதிய எண்களே. அவ்வெண்களைப் புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்த பேரப்பிள்ளைகள் தசமமாக மாற்றிப் படிக்கின்றனர். கிணற்றுப் பங்கு போன்றவை இன்னும் நுண்ணியவை. நன்னீர் அரிய தீவில், கிணற்றின் மூன்றிலொரு பங்கை 33 சதவீதம் என்று எழுதிவிட்டால், எஞ்சும் ஒரு சதவீதம் யாருடையது என்னும் வினா எழும். பிணக்குக்கு அவ்வளவு போதும். உறுதிகளை மாற்றி எழுதுவோர் மூலப்பின்னத்தையும் குழிக்கணக்கையும் தசமத்தின் அருகே விடாது எழுதிவைத்தல் வேண்டும் என்பது இவ்வாய்வினின்று பெறப்படும் நடைமுறை முடிவாகும்.

7. முடிவு

கீழ்வாயிலக்கத்தை அணுவிஞ்ஞானமாகக் காட்டுவது அதற்கு இல்லாத புகழைத் தந்து, உள்ள புகழைப் பறிப்பதாகும். அது பொருளை உடைத்துப் பார்த்த மரபன்று. பங்கை ஒழுங்காக முடிக்க முயன்ற மரபு. எந்த அடி எந்தப் பின்னத்தை முடிக்கும் என்னும் வினாவுக்கு விதிவடிவிற் கூறாவிட்டாலும் அமைப்பு வடிவில் அது விடை வைத்திருக்கின்றது. அவ்விடையை விளக்குவதும், பட்டியல்களைச் சோதித்துப் பதிப்பதும், குழியும் பரப்பும் போன்ற வாழும் அளவைகளை அவற்றோடு இணைத்து ஆராய்வதும் இனிச் செய்யவேண்டியன. ‘இம்மியும் பிசகாமல்’ என்று நாம் நாளும் வழங்கும் தொடரில் இம்மி மிகச் சிறியது என்னும் பொருளே இன்று எஞ்சியுள்ளது. மூன்றிலொன்றைப் பிசகாமல் முடித்துவைப்பது அவ்விம்மியே என்பதும் அதனோடு கற்பிக்கப்படுதல் வேண்டும்.